வட்டார வள மையத்தின் சிறப்புக் கல்விச் சேவை: ஐந்தாம் வகுப்பு வரை நல்ல துணை, அதற்கு மேல் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது

மாற்றுத்திறன் உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற பயத்தோடு இருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் என்று ஒன்று இருக்கிறது, ஆசிரியர்கள் பேச்சில் அது பிஆர்சி. பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும், அதனால் பக்கத்துத் தெருக்காரர்களுக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், அதாவது சமக்ர சிக்ஷாவின் கீழ், அங்கே மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறார்கள். 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சேவை, கட்டணம் எதுவும் கிடையாது. என் மகளுக்கு மூளை முடக்குவாதம், இரண்டு கால்களிலும் வலது கையிலும் தசை இறுக்கம். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றாம் வகுப்புக்கு முன்பிருந்தே எங்கள் ஒன்றியத்து மையத்தில் பதிவு செய்து பயன்படுத்தி வருகிறோம், அதனால் இது ஒருநாள் போய்ப் பார்த்து எழுதுவது இல்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்தாம் வகுப்பு வரை ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். ஆறிலிருந்து எட்டு வரை மூன்று. ஒன்பதுக்கு இரண்டுதான். இந்த இறக்கம் எந்த வயதில் வருகிறது என்று பாருங்கள், நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கிற வயதும் அதேதான்.

சேர்வது சுலபம். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொன்னாலும் போதும், நேராக மையத்துக்குப் போனாலும் போதும். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவ முகாம் வைப்பார்கள், எலும்பு மருத்துவர், காது மூக்கு தொண்டை, கண், மனநலம் என்று மருத்துவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, யுடிஐடி என்கிற மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் அங்கேயே வழி பிறந்துவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. கையும் காலும் நன்றாக இருக்கிறதே, நமக்கு எதற்கு முகாம் என்று நினைக்காதீர்கள். எழுத்தை மாற்றி மாற்றி எழுதி அடி வாங்கிக்கொண்டே எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகளில் பலருக்கு இந்த முகாம் வாசலே தெரிந்திருக்காது. இப்போது வகுப்பாசிரியர்களே ‘நலம் நாடி’ செயலியில் பிள்ளைகளைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள், உங்கள் பிள்ளையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு அட்டை கைக்கு வருவதற்கு முன்பே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார்கள், அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

முதல் சில வருடங்கள் கிடைத்த சேவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குறிப்பிட்ட கிழமைகளில் பிசியோதெரபி. பிசியோ மேடம் பிள்ளைக்குச் செய்ததைவிட எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் அதிகம். தொடைப் பின்தசையை எப்படி நீட்டிவிடுவது, குதிகால் தரையில் படும்படி எப்படி நிற்க வைப்பது, சோறு ஊட்டும்போது உடம்பை எப்படிச் சாய்க்காமல் உட்கார வைப்பது எல்லாம். சிறப்பாசிரியர், நாங்கள் டீச்சர் என்றே கூப்பிடுவோம், பள்ளிக்கே வருவார். வந்தால் என் மகளைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்த மாட்டார். வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பார். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தது அவர். நோட்டு நழுவாமல் இருக்கப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு மேசையோடு கட்டியதும், வாசலுக்குப் பக்கத்து இடத்தை அவளுக்கு ஒதுக்கச் சொன்னதும் அவர்தான். “இவ கை எழுத நேரம் ஆகும் சார், வாய் சொல்றதக் கேட்டு மார்க் போடுங்க” என்று வகுப்பாசிரியரிடம் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் என் மகள் மக்கு இல்லை என்பதைப் பள்ளியில் மற்றவர்கள் முதலில் புரிந்துகொண்டார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை இதில். விஷயம் தெரிந்த ஓர் ஆள், சொன்ன கிழமையில் தவறாமல் வந்து நிற்பது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் ஐந்து வருடம் அவளைப் பள்ளியில் வைத்திருந்தது.

பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற அம்மாக்களோடு நிறையப் பேசியிருக்கிறேன். பிள்ளையை நிறுத்திவிட்டவர்கள், நிறுத்தலாமா என்று யோசிப்பவர்கள், ஏதோ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். படிப்பு ஏறவில்லை என்று காரணம் சொன்னவர்கள் குறைவு. கழிப்பறைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது, பிள்ளை வளர்ந்துவிட்டது தூக்க முடியவில்லை, ஆட்டோவுக்குக் கொடுக்க முடியவில்லை, நூறு நாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருக்க முடியவில்லை, இவைதான் திரும்பத் திரும்ப வரும். பள்ளியில் சிறுநீர் கழிக்கக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்காமல் அனுப்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் அந்தப் பிள்ளை மாலையில் எப்படித் திரும்பி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் காய்ச்சல், ஒரு வாரம் லீவு, அந்த ஒரு வாரம் ஒரு மாதமாகிறது, பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உள்ள மாற்றுத்திறனாளிகளில் 61 சதவீதம் பேர் கல்வி நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 27 சதவீதம் பேர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். மீதி 12 சதவீதம் பேர் முன்பு போய்க்கொண்டிருந்து இப்போது போகாதவர்கள், அதில் படிப்பை முடித்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம், ஆனால் நான் மையத்தின் பெஞ்சில் சந்தித்த அம்மாக்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் வகுப்புக்குப் போகும்போதுதான் எங்களுக்குச் சோதனை வந்தது. தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் தூரம். அடுத்த பள்ளி அப்படி இல்லை, பெரிய வளாகம், நிறைய ஆசிரியர்கள், ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒருவர். சேர்க்கைக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் “சிறப்புப் பள்ளியில சேர்க்கலாமேம்மா, இங்க ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு” என்றார்கள். இந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்த பெற்றோர் எத்தனையோ பேர். சிறப்பாசிரியரிடம் சொன்னேன். அடுத்த நாளே அவரும் எங்களோடு வந்தார். அவர் சண்டை போடவில்லை. என் மகளின் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார், அவளிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைத்தார், அப்புறம் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவை எடுத்துச் சொன்னார். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள, 6 முதல் 18 வயது வரையான பிள்ளை அருகில் உள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம், வேண்டுமென்றால் சிறப்புப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்வு செய்வது பிள்ளையின் பக்கம்தான், பள்ளியின் பக்கம் இல்லை. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மாடியில் இருந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றியும் கொடுத்தார்கள். இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் எது என்று கேட்டால் அந்த ஒருநாள் அவர் கூட வந்ததைத்தான் சொல்வேன். வள மையங்கள் இதைக் கட்டாய வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்: ஐந்து முடித்து ஆறுக்கும், எட்டு முடித்து ஒன்பதுக்கும் போகும் ஒவ்வொரு பிள்ளையோடும் சிறப்பாசிரியர் புதிய பள்ளிக்குப் போய், இவளுக்கு என்ன முடியும், என்ன உதவி வேண்டும் என்று நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும். எங்கள் டீச்சர் நல்லவர், அதனால் வந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று விட்டுவிட முடியாது.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் நான் மனம் நிறைந்து எழுத முடியவில்லை. சாய்தளம் இருந்தது, கைப்பிடியும் இருந்தது. ஆனால் கழிப்பறைக் கதவு வழியாக வாக்கர் நுழையவில்லை, உள்ளே உட்கார வசதியும் இல்லை. மையத்தில் சொன்னால் கட்டட வேலை எங்கள் கையில் இல்லை என்றார்கள், பள்ளியில் சொன்னால் மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்ட பிறகுதான் வேலை நடந்தது, அதுவரை இடைவேளைக்கு இடைவேளை நான்தான் பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அவள் வயதுக்கு வந்த பிறகு இது இன்னும் கஷ்டமானது. பெண் பிள்ளைகள் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம், ஆனால் முகாம்களில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பள்ளிக்கு ஒரு பெண் உதவியாளர், பகுதி நேரமாகவாவது, இருந்தால் எத்தனை பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தொடுவார்கள். கட்டடமும் வளாகமும் வசதிகளும் பிள்ளை அணுகும்படி இருக்க வேண்டும், பிள்ளைக்கும் அதிக உதவி தேவைப்படுகிறவரின் துணையாளுக்கும் போக்குவரத்து வசதி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தானே பாதிக்கு மேல், அங்கே எழுந்து நின்று பேசுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை விடாதீர்கள்.

பணம். போக்குவரத்துப் படியும் துணையாளுக்கான படியும் உண்டு, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு ஒதுக்கும் தொகை அதிகபட்சம் 3,500 ரூபாய், முகாம், உபகரணம், படிகள் எல்லாம் அதற்குள்தான். இது எந்த மூலைக்கு என்று அரசாங்கத்தில் இருப்பவர்கள் ஒருநாள் ஆட்டோ ஏறிப் பார்த்தால் தெரியும். தொகை குறைவு என்பதைவிட அது வரும் நேரம் எனக்குப் பெரிய குறை. எங்களுக்குப் படி வருடக் கடைசியில் மொத்தமாகத்தான் வந்தது, ஆட்டோக்காரர் மாதாமாதம் கேட்பார். கையில் காசு இல்லாத வீட்டில் ஜூலையில் ஆட்டோ நின்றால் ஆகஸ்டில் படிப்பு நின்றுவிடும், மார்ச்சில் வரும் பணம் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவராது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021லிருந்து கட்டணம் இல்லை, அது உண்மையாகவே உதவுகிறது, ஆனால் அந்த உயரப் படியில் வாக்கரோடு பிள்ளையைத் தூக்கி ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 நிலவரப்படி மாதம் 2,000 ரூபாய். அது வேறு துறை, வேறு விண்ணப்பம், வள மையத்திலேயே கேட்டால் படிவம் பூர்த்தி செய்ய உதவுவார்கள்.

உபகரணங்கள் கலவையான அனுபவம். இவள் சின்னவளாக இருந்தபோது கிடைத்த சிபி சேர், அதாவது மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான நாற்காலி, அருமையான பொருள், முதுகும் தலையும் நேராக நின்றது, வீட்டில் அவளாக உட்கார்ந்து சாப்பிட்டதே அதில்தான். காலைத் தாங்கிப் பிடிக்கப் போடும் கேலிபர் அப்படி இல்லை. ஒரு முகாமில் அளவெடுத்து, இன்னொரு முகாமில் கொடுத்தார்கள், இரண்டுக்கும் நடுவில் பிள்ளை வளர்ந்துவிட்டாள். போட்டால் புண் வந்தது. வளரும் பிள்ளைக்கு அளவெடுத்தால் சீக்கிரம் கொடுக்க வேண்டும், கொடுக்கும் நாளில் இறுக்கம் தளர்த்திச் சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும், இது ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை. வாங்கும்போது அங்கேயே போட்டு, நடக்க வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டு அனுப்ப அவசரப்படுத்துவார்கள், நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

வீட்டு வழிக் கல்வி பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த திருத்தம் தருகிறது. வாரத்துக்கு ஒருமுறை சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். படுத்தே இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, அந்த ஒருநாளுக்காகவே காத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நடமாட முடிகிற, சக்கர நாற்காலியில் உட்கார முடிகிற பிள்ளையையும் இதில் தள்ளிவிடுவது நடக்கிறது. பள்ளிக்குத் தொந்தரவு இல்லை, பெற்றோருக்கு அலைச்சல் இல்லை, பதிவேட்டில் படிப்பதாகவே இருக்கும், இடைநிற்றல் கணக்கிலும் வராது. பிள்ளைக்கு மட்டும் கூட்டாளி கிடையாது. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் அப்படித்தான் இருந்தான். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, வாரத்தில் சில நாள் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் பள்ளிக்குக் கூட்டி வாருங்கள் என்று டீச்சர் சொல்ல, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தவன், பிறகு பிரேயர் வரை இருந்தான், பிறகு மதியம் வரை. இப்போது வகுப்பில் அவனுக்கென்று இடம் இருக்கிறது. வீட்டு வழிக் கல்விக்குக் கையெழுத்துக் கேட்டால், இவனைப் பள்ளிக்குக் கொண்டுவர உங்கள் திட்டம் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நான் இரண்டு மதிப்பெண் மட்டும் கொடுத்ததற்குக் காரணம் சிறப்பாசிரியர்களின் அக்கறைக் குறைவு இல்லை. அவர்கள் வருவதே அபூர்வமாகிவிட்டது, ஏனென்றால் ஒருவர் கையில் ஏகப்பட்ட பள்ளிகள், ஏகப்பட்ட வீடுகள். தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் மறுபடியும் உத்தரவு போட்டது. எங்கள் ஒன்றியம் அந்த விகிதத்துக்குக் கிட்டத்தில்கூட இல்லை. தமிழ்நாட்டில் இந்த ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடமாகப் போராடுகிறார்கள். 2024-25இல் பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தப் பிரச்சினையில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது செய்திகளில் வந்தது, அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குபவர்கள்தான் இவர்களும். அரசியல் யார் பக்கம் என்பதை விடுங்கள், என் மகளின் கால் தசை அதற்காக இறுகாமல் காத்திருக்காது. சம்பளம் நிச்சயமில்லாத வேலையில் எவ்வளவு நாள் ஒருவர் இருப்பார்? எங்களுக்குப் பழகிய டீச்சர் மாறிப் போனபோது புதியவருக்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம்.

பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைகளைப் பற்றிக் கடைசி நேரத்தில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று பாதிப்பைப் பொறுத்துச் சலுகைகள் உண்டு, பள்ளி வழியாக மருத்துவச் சான்றோடு அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலும் சொல்லி எழுதும் பழக்கம் கொடுக்கச் சொல்லுங்கள், தெரிந்த பதிலைக்கூட இன்னொருவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது பழகினால்தான் வரும். பத்து முடித்தால் மேலே உயர்கல்வியில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது என்பதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் எதற்காகப் போகிறோம் என்று தெரிய வேண்டும்.

தொண்டு நிறுவனங்கள் நல்லவை இருக்கின்றன, சென்னையில் 1985இலிருந்து வித்யாசாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இலிருந்து அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம். பக்கத்தில் இருந்தால் ஆலோசனைக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் தினமும் படிக்கப் போவது நம் ஊர்ப் பள்ளிதான் என்றால், வள மையத்தை விட்டால் வேறு துணை இல்லை. அதனால் குறைகளோடும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன்.

போகும் முன் ஒரு விஷயம்: பகலில் போனால் சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்குப் போயிருப்பார்கள், போன் செய்து எந்தக் கிழமை மையத்தில் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். எண் தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம். அடுத்த பள்ளிக்கு மாற வேண்டிய பிள்ளை என்றால் ஜூன் வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போங்கள், அப்போதுதான் வகுப்பறையையும் கழிப்பறையையும் விடுமுறையில் நேரில் பார்த்து என்ன மாற்ற வேண்டும் என்று சொல்ல நேரம் இருக்கும். சான்றிதழ், அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.